காத்தாயி பேண்டு பிளேட் ஆன கதை

பாட்டுப் பெட்டி விற்கிறவனுக்குப் பாட்டுக் கேட்க நேரம் கிடையாது. பாட்டுக் கேட்க வருகிறவனுக்குப் பெட்டி வாங்கும் எண்ணம் கிடையாது. இந்த இரண்டுக்கும் நடுவில், மலாக்கா ஆற்றோரத்தில் ஒரு கடையில் நின்று நின்றே கால் வீங்கினவன் நான். எந்தக் கடையிலாவது நின்று பிழைத்தவர்கள் இதைப் படித்தால், உங்களுக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்ற வார்த்தையைக் கேட்டு நீங்களும் பல்லைக் கடித்திருப்பீர்கள்.

முதலாளி கல்லாவில் உட்காருவார், நான் நிற்பேன். வாரத்தில் இரண்டு நாள் ஒரு பெட்டியையும், பிளேட் என்று நாங்கள் சொல்லும் இசைத்தட்டுக் கட்டு ஒன்றையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு அலோர் காஜா, ரெம்பியா பக்கத்து ரப்பர்த் தோட்டங்களுக்குப் போவேன். தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வாசலில் பெட்டியை வைத்துச் சாவி கொடுத்துப் போட்டுக் காட்டுவேன். கூட்டம் கூடும், கேட்கும், கலையும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்புவேன்.

தொண்டை கட்டிய பாடகி

அலோர் காஜாவில் ஒரு கங்காணி வீட்டம்மா. தீபாவளிக்குப் பெட்டி வாங்கியவர், பொங்கலுக்குள் ஆள் விட்டுக் கூப்பிட்டனுப்பினார். போனால், நடு வீட்டில் பெட்டி, சுற்றிலும் அக்கம்பக்கத்துப் பெண்கள், எல்லார் முகத்திலும் துக்கம். "வாங்கினப்போ நல்லாத்தான் பாடிக்கிட்டிருந்தா தம்பி. மழை பிடிச்சதிலேருந்து தொண்டை கட்டிக்கிச்சு. நீயே கேளு" என்று பிளேட்டைப் போட்டார். உள்ளே யாரோ தகரத்தைச் சுரண்டுகிற சத்தம்தான் வந்தது.

பிளேட்டின்மேல் ஓடுகிற முள்ளைப் பார்த்தேன். விற்ற அன்று நான் மாட்டிக் கொடுத்த அதே முள். ஒரு பக்கம் ஓடியதும் முள்ளை மாற்ற வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லித்தான் விற்றிருந்தேன். டப்பியில் இருந்த மற்ற முள்ளெல்லாம் சாமி படத்தடியில் குங்குமம் வைத்துப் பத்திரமாக இருந்தது. வந்த கோபத்தை முழுங்கிக்கொண்டு புது முள் போட்டேன். பாடகி கணீரென்று எடுத்தாள். அந்தம்மா மோவாயில் கைவைத்துக்கொண்டு சொன்னார்: "பாரேன்டி இவளை, ஆம்பளை ஒருத்தன் பக்கத்துல வந்து உக்காந்தாத்தான் தொண்டை திறக்குது!"

எங்க பிளேட் இருக்கா?

அன்று கடைக்குத் திரும்பினால் வாசலில் ஒருவன் நின்றிருந்தான். எண்ணெய் வழிய வாரிய தலை, சலவை வேட்டி, கக்கத்தில் துணி சுற்றிய ஏதோ ஒன்று. கோழி விற்க வந்தவனாக்கும் என்று நினைத்தேன். துணியைப் பிரித்தான், பித்தளை ஊதுகுழல், கார்னெட், பளபளத்தது. "ரெம்பியா தோட்டத்து பேண்டு பிளேட் இருக்கா அண்ணே?" என்றான். அப்படி ஒன்று கிடையாதே என்றேன். "கிடையாதுன்னு எனக்கும் தெரியும். எப்போ வரும்?"

அங்கமுத்து என்று பேர். காலையில் பால்மரம் வெட்டுகிறவன், மற்ற நேரத்தில் கார்னெட். தோட்டத்தில் முன்பு இருந்த துரை ஒருவர் ஊருக்குப் போகும்போது ஒரு செட்டுப் பித்தளை வாத்தியத்தை விட்டுவிட்டுப் போனாராம். அதை ஆளுக்கொன்றாக எடுத்து ஊதிப் பழகி, கல்யாணம், காவடி, சாவு என்று எதற்குக் கூப்பிட்டாலும் போகிற கோஷ்டி ஆகிவிட்டார்கள். ஊரில் பிளேட் போட்டிருக்கிறவர்களெல்லாம் என்ன, எங்களைவிட நன்றாகவா ஊதுகிறார்கள் என்று கேட்டான். அதற்குமேல் அவனுக்கு ஒரு சந்தேகம், அதைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்டான்: பிளேட்டில் வாத்தியம் மட்டும்தான் விழுமா, பேச்சும் விழுமா?

விழும் என்றதும் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கல்யாணம் முடிந்த கையோடு கப்பலேறியவன். பெண்டாட்டி தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில், அவள் அண்ணன் வீட்டில் இருந்தாள். அவளுக்கு எழுத்து வாசனை கிடையாது. இவன் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியைப் பிடித்துக் கடுதாசி எழுதுவான், "கிளம்பி வா" என்று. அங்கே அதைப் படித்துச் சொல்கிறவன் அந்த அண்ணன். சம்பளமில்லாமல் நாற்று நடவும் மாடு கன்று பார்க்கவும் வீட்டில் ஓர் ஆள் இருக்கும்போது அவன் எப்படி அந்த வரியைப் படிப்பான்? "நலம், நலமறிய அவா" என்று வாசித்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறானாம். லீவில் போய்வந்த ஒருவன் பக்கத்தில் இருந்து கேட்டுவிட்டு வந்து சொல்லியிருக்கிறான். இதைச் சொல்லிவிட்டு அங்கமுத்து வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கடை வாசலில் ஆண்பிள்ளை அழுதால் என்ன செய்வதென்று யாரும் சொல்லித் தரவில்லையே, ஒரு கிளாஸ் கோப்பி வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கேட்டான்: "கடுதாசின்னா படிக்கிறவன் பாதியை முழுங்கிடுறான் அண்ணே. பிளேட்டு முழுங்காதுல்ல?"

எது நன்றாக வரும்?

முதலாளிக்கு இந்த யோசனை உடனே பிடித்துப்போனது, என்மேலோ அங்கமுத்துமேலோ உள்ள பிரியத்தால் அல்ல. இரண்டு பிளேட், நான்கு பக்கம், அதை அட்டை போட்ட புத்தகம்போல் ஆல்பமாகக் கட்டினால் ரெம்பியாவில் ஒவ்வொரு லயத்திலும் ஒன்று போகும் என்று கணக்குப் போட்டார். பினாங்கிலிருந்து சிங்கப்பூர் போகிற ஒலிப்பதிவுத் துரை ஒருவரை வழியில் மலாக்காவில் இறங்கச் சொல்லித் தந்தியும் அடித்தார்.

அப்புறம் மெட்டுத் தேர்வு. பேண்டுக்காரர்கள் எல்லாரும் கடைக்கு வந்து வரிசையாக நின்றார்கள். கார்னெட் அங்கமுத்துவுக்குப் பக்கத்தில் பெரிய டிரம் சோலை. சோலையும் அவன் டிரம்மும் ஒரே சுற்றளவு. முதலாளி கேட்டார், "உங்களுக்கு எது ரொம்ப நல்லா வரும்?" எல்லாரும் ஒரே குரலில், கொஞ்சமும் யோசிக்காமல், "சாவு மெட்டுங்க" என்றார்கள். அதை வாசித்தால் பிணம்கூட ஒரு நிமிஷம் எழுந்து கேட்டுவிட்டுத்தான் படுக்குமாம், சோலை சத்தியம் செய்தான். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதை வாங்கி வீட்டுல வெச்சுக்கிட்டு, எப்படா யாரு போவாங்கன்னு ஜனங்க காத்துக்கிட்டிருக்கணுமாடா?"

சாமி நிற்க வேண்டும்

காவடி மெட்டு, மாப்பிள்ளை அழைப்பு, பழைய துரை சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ் மார்ச், சாமி ஊர்வல மெட்டு என்று நான்கு முடிவானது. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம், அதற்குமேல் சத்தத்தைப் பதிகிற மெழுகுத் தட்டில் இடம் இல்லை. ஒத்திகை பார்க்கத் தோட்டத்துக்குப் போனேன். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று ஆரம்பித்தார்கள். மூன்று நிமிஷம் ஆயிற்று. கையைக் காட்டினேன். நான்கு ஆயிற்று. துண்டை வீசினேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது, மெட்டு முடிவதாகக் காணோம்.

கடைசியில் டிரம்மின் முன்னால் போய் நின்று கத்தினேன். சோலை பாவம், நிஜமாகவே விளங்காமல் முழித்தான். பிறந்ததிலிருந்து அவர்கள் மெட்டை முடித்ததே இல்லை. ரதம் நின்றால் இவர்கள் நிற்பார்கள், ரதம் நகர்ந்தால் இவர்கள் வாசிப்பார்கள். முடிவு என்பது சாமி பார்த்துச் செய்கிற காரியம். அதனால் நான் ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்க வேண்டும், கடிகாரத்தைப் பார்த்து மூன்று நிமிஷத்தில் நிற்க வேண்டும், குடையைத் தாழ்த்த வேண்டும் என்று ஏற்பாடு செய்தோம். உடனே சரியாக வந்தது. ஒரு கிழவி லயத்திலிருந்து வந்து என் குடைக்குச் சூடம் காட்டிவிட்டுப் போனாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது சோலை சொன்னான்: "சாமி நிக்காம நாங்க நின்னா, அப்புறம் சாமி எங்களை நிக்க விடுமாங்க?"

நடந்தால்தான் வரும்

ஒலிப்பதிவுக்கு ஆற்றோரம் ஒரு சீன வியாபாரியின், எங்கள் பேச்சில் தவுக்கேயின், அரிசிக் கிடங்கைப் பிடித்தோம். நான்கு பக்கமும் மூட்டை அடுக்கியிருந்ததால் எதிரொலி இல்லை என்று துரை சந்தோஷப்பட்டார். பெரிய பெரிய மெழுகுத் தட்டு, அதில் கோடு கீறுகிற முள், அதைச் சுற்றுகிற யந்திரம் எல்லாவற்றையும் பிள்ளைத்தாய்ச்சியை இறக்குகிற மாதிரி லாரியிலிருந்து இறக்கினார். மெழுகுத் துரை என்று அவருக்கு அன்றே பேர் விழுந்துவிட்டது. தமிழ் ஓர் எழுத்துத் தெரியாது. நான்தான் மொழிபெயர்ப்பு, நான்தான் குடை.

ஆரம்பித்ததும் ஒரு புதுத் தொல்லை. இவர்கள் நடந்துகொண்டே வாசித்துப் பழகியவர்கள். நிற்க வைத்தால் தாளம் போய்விடுகிறது. நின்ற இடத்திலேயே நடக்கச் சொன்னோம், பலகைத் தரை அதிர்ந்து மெழுகில் முள் துள்ளியது. முதல் மெழுகு பாழ். செருப்பைக் கழற்றச் சொன்னோம், அங்கமுத்துவைத் தவிர யாரிடமும் செருப்பே இல்லை. கடைசியில் அரிசி மூட்டையைக் கிடத்தி அதன்மேல் ஏறி நடக்கச் சொன்னோம். சத்தமே இல்லை. கணுக்கால்வரை மூட்டையில் புதைய, எல்லாரும் முகத்தை இறுக்கிக்கொண்டு எங்கேயோ போய்க்கொண்டிருந்தார்கள், ஓர் அங்குலமும் நகரவில்லை. தவுக்கே கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார். பசாரில் பழகியதால் அவருக்குத் தமிழும் வரும், மலாயும் வரும், கோபம் வந்தால் இரண்டும் சேர்ந்து வரும். தன் பெராஸ், அதுதான் அரிசி, என்ன பாடுபடுகிறது என்று பார்த்துவிட்டுக் கைகளை விரித்தார்: "நாளைக்கு நான் பெராஸ் விக்க முடியாது, மாவுதான் விக்கணும் லா!"

டிரம் போன தூரம்

பெரிய டிரம் ஒரு அடி அடித்தால் மற்ற வாத்தியம் எதுவும் மெழுகில் விழவில்லை. துரை ஒரு விரலைக் காட்டி, சோலையைப் பின்னால் போகச் சொன்னார். சுவரோரம் போனான். இன்னும் பின்னால். கதவுக்குப் போனான். இன்னும். நடைபாதைக்குப் போனான். அவனால் உள்ளே நடப்பதைப் பார்க்க முடியாது, அதனால் ஒருவர் கதவில் நின்று கைகாட்ட வேண்டியதாயிற்று. மாப்பிள்ளை அழைப்பும் மார்ச்சும் இப்படித்தான் பதிவாயின. போகிற வருகிறவர்கள், இவன் யாருக்காகத் தனியாக நின்று டிரம் அடிக்கிறான் என்று வேடிக்கை பார்த்தார்கள்.

மத்தியானம் மழை பிடித்தது. தகரக் கூரைமேல் மலாக்கா மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவன் பேசுவது காதில் விழாது, மெழுகு மட்டும் என்ன செய்யும்? அந்தப் பக்கமும் போனது. மழை விட்டபின் காவடி மெட்டை எடுத்தோம். துரை மறுபடியும் சோலையைப் பார்த்து விரலைக் காட்டினார். தெப்பமாக நனைந்து, டிரம்மைத் தன் சட்டையால் போர்த்திக்கொண்டு நின்ற சோலை என்னிடம் சொன்னான்: "இன்னும் கொஞ்சம் தள்ளச் சொல்லுங்க, கடற்கரை உம்பாய்க்கே போயிடுறேன், மீனாவது வாங்கிக்கிட்டு வரலாம்."

கடைசி மெழுகு

ஒரே ஒரு மெழுகுதான் மிச்சம், சாமி ஊர்வல மெட்டுக்கு. துரைக்கு அன்று சாயந்தரமே சிங்கப்பூருக்குக் கிளம்ப வேண்டும். இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் பாடினவரோ வாசித்தவரோ முடிவில் தன் பேரைத் தானே சொல்ல வேண்டும். பிளேட் அடிக்கிற இடம் கடலுக்கு அப்பால் எங்கேயோ இருக்கிறது, எது யாருடையது என்று அங்கே உள்ளவனுக்கு எப்படித் தெரியும்? நான்கு பக்கத்துக்கும் சேர்த்துக் கடைசிப் பக்கத்தில் ஒரு தடவை சொன்னால் போதும் என்றார் துரை. "ரெம்பியா தோட்டத்து பேண்டு, கார்னெட் அங்கமுத்து" என்று நான் பத்துத் தடவை சொல்லிக்கொடுத்தேன். கிளிப்பிள்ளைபோல் திருப்பிச் சொன்னான்.

மெட்டு அருமையாக வந்தது. குடையைத் தாழ்த்தினேன், எல்லாரும் ஒன்றாக நின்றார்கள். அங்கமுத்து கார்னெட்டை இறக்கினான், மைக்கைப் பார்த்தான், மூச்சை இழுத்தான். "காத்தாயி! கிளம்பி வந்துடு புள்ளே! உங்கண்ணன் கடுதாசியைப் பாதிதான் படிக்கிறான்!" மெழுகு நின்றது. பெண்டாட்டி பேரை நாலு பேர் நடுவில் சொல்கிற புருஷனை அந்த நாளில் நான் பார்த்ததே இல்லை. "ஏ புள்ளே" என்போம், "இந்தா" என்போம், பேர் மட்டும் வாயில் வராது. மற்ற பேண்டுக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். துரை ஒருவர்தான் சந்தோஷமாகக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி, ஏதோ குறித்துக்கொண்டு, மெழுகைப் பெட்டியில் வைத்து ஆணி அடித்தார்.

வெளியே தவுக்கேயைச் சமாதானம் செய்துகொண்டிருந்த முதலாளியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். வேறு மெழுகு எடுக்கச் சொல் என்று குதித்தார். மெழுகு ஏது? லாரி கிளம்பிவிட்டது. அங்கமுத்து ஓரமாக நின்று கார்னெட்டைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தான், முகத்தில் பயமும் இருந்தது, நிம்மதியும் இருந்தது. முதலாளி அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உன் பேரைச் சொல்லுடான்னா பொண்டாட்டி பேரைச் சொல்லிட்டு நிக்கிறான். அவ வந்து இவன் பேரைச் சொல்றாளான்னு பாப்போம்!"

பேர் விழுந்த விதம்

மாதக்கணக்கில் காத்திருந்தபின் பெட்டி வந்தது. பிரித்தோம். சிவப்பு அட்டை ஆல்பம், உள்ளே இரண்டு பிளேட், கறுத்து மினுமினுவென்று. நடுவில் ஒட்டிய வட்டக் காகிதத்தைப் படித்துவிட்டு முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். நான்கு பக்கத்திலும் "காத்தாயி பேண்டு, மலாக்கா" என்று அச்சாகியிருந்தது. கடைசியில் சொல்வதுதான் பேர் என்பது துரையின் கணக்காயிற்றே, அவர் காதில் விழுந்த முதல் வார்த்தையை அப்படியே எழுதி அனுப்பிவிட்டார். ரெம்பியா கிடையாது, அங்கமுத்து கிடையாது.

விற்றதோ விற்றது. ஊர்வல மெட்டை யாரும் கேட்கவில்லை. "முன்னாடி உள்ளதைத் தள்ளு, அந்தக் கடைசி வார்த்தையைப் போடு" என்றுதான் லயமெல்லாம் கேட்டது. பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள், சிலர் சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சோலையின் பெண்டாட்டிக்கு மட்டும் பொறுக்கவில்லை. ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடமே வந்துவிட்டாள்: "மழையில நனைஞ்சு டிரம் அடிச்சது எம் புருஷன். இதுல எம் பேரு எந்தப் பக்கத்துல அண்ணே இருக்கு?"

இன்னொரு காத்தாயி

அலோர் காஜாவில் மாட்டுவண்டி ஓட்டுகிற ஒருவர், மீசை இரண்டு பக்கமும் துடிக்கக் கடைக்குள் நுழைந்தார். கோப்பிக்கடையில் பிளேட்டைக் கேட்டிருக்கிறார். அவர் பெண்டாட்டி பேரும் காத்தாயி. அவளுக்கும் ஓர் அண்ணன். "எவன் அவன் எம் பொண்டாட்டியைக் கூப்பிடுறவன்?" என்று சாட்டையைக் கல்லாமேல் வைத்தார். முதலாளி கல்லாவுக்கு அடியில் எதையோ தேட ஆரம்பித்தார், வெகுநேரம் தேடினார்.

உட்காரவைத்து எல்லாக் கதையும் சொன்னேன். அண்ணன்காரன் கடுதாசியை முழுங்கின இடம் வந்ததும் மீசை இறங்கியது. மூக்கை உறிஞ்சினார். ஓர் ஆல்பம் வாங்கிக்கொண்டார், சாட்டையை எடுத்துக்கொண்டார், வாசலில் நின்று திரும்பினார்: "அந்தத் தம்பிகிட்ட சொல்லு, எங்க வீட்டுக் காத்தாயி வேணும்னா நான் அனுப்பிவைக்கிறேன்னு. அண்ணனையும் சேர்த்துக் கூட்டிக்கிட்டுப் போகட்டும்!"

வந்துட்டாளா?

சோலை லீவில் ஊருக்குப் போனபோது அங்கமுத்து ஓர் ஆல்பத்தைக் கொடுத்தனுப்பினான். அதற்கப்புறம் என் பிழைப்பு நாறிவிட்டது. எந்தத் தோட்டத்துக்குப் போனாலும், பெட்டியை இறக்குவதற்குள், "காத்தாயி வந்துட்டாளா?" அலோர் காஜா பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கிறவர் கேட்டார். தவுக்கே கேட்டார். முள் மாற்றாத அந்தக் கங்காணி வீட்டம்மா ஆள் விட்டுக் கேட்டார். என்னவோ நான் அவளைப் பெட்டிக்குள் ஒளித்துவைத்திருக்கிற மாதிரி.

அங்கமுத்து கடைப்பக்கம் வருவதை நிறுத்திவிட்டான். நான் ரெம்பியாவுக்குப் போய்ப் பார்த்தேன். ஆள் பாதியாகியிருந்தான். ஊர் நடுவில் பேரைச் சொல்லி அவளை அவமானப்படுத்திவிட்டோமோ என்று அரித்துக்கொண்டே இருந்ததாம். வந்தால் சரி, கோபித்துக்கொண்டு ஒரேயடியாக அங்கேயே இருந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டான். அவனைவிட எனக்குத்தான் அப்போது அவள் வர வேண்டும் என்று இருந்தது.

சோலை திரும்பி வந்து சொன்னான். அண்ணன்காரன் ஆல்பத்தைப் பார்த்ததும் பூரித்துப்போனானாம். என் மச்சான் பிளேட் போட்டிருக்கிறான் என்று சந்தைக் கோப்பிக்கடையில் ஊரைக் கூட்டிப் போடச் சொன்னானாம். நான்கு பக்கமும் தொடையில் தாளம் போட்டுக் கேட்டிருக்கிறான், கடைசி வார்த்தைவரைக்கும். அப்புறம் பிளேட்டை உடைக்கப் பாய்ந்தான், ஜனங்கள் பிடித்துக்கொண்டார்கள். காத்தாயி தெருவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கோபமா, சந்தோஷமா, என்ன சொன்னாள் என்று அங்கமுத்து சோலையின் சட்டையைப் பிடித்து உலுக்கினான். சோலை மெதுவாக அவன் கையை விலக்கினான்: "எங்கிட்ட ஒண்ணும் சொல்லலைப்பா. 'முள்ளை எடுத்துக் கடைசியில வைங்க'ன்னு கடைக்காரர்கிட்டதான் சொன்னா, சொல்லிக்கிட்டே இருந்தா."

புருஷன் பேர்

ஒருநாள் தகவல் வந்தது, பக்கத்துத் தோட்டத்துக்கு வருகிற ஒரு குடும்பத்தோடு காத்தாயி கப்பலேறிவிட்டாள் என்று. சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக்கு அங்கமுத்து என்னையும் இழுத்துக்கொண்டு போனான். இங்கிலீஷ் தெரிந்த ஆள் கூட வேண்டுமாம். முதலாளி யாரையும் வெறுங்கையோடு ஊருக்கு அனுப்புகிறவர் அல்ல, கிள்ளானில் ஒரு வீட்டில் கொடுக்கச் சொல்லி ஒரு பெட்டியை என் தோளில் ஏற்றிவிட்டார். கப்பலில் வந்தவர்களைப் பதிந்துகொள்கிற கொட்டகைக்குள் என்னை மட்டும் விட்டார்கள். அங்கமுத்து வேலிக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மேசையில் யாழ்ப்பாணத்துக் கிளார்க் ஒருவர். எதிரில் சின்ன உருவமாய் ஒரு பெண், மார்போடு ஒரு துணி மூட்டை. "உங்கட மனுசன்ர பேர் என்ன?" என்று கேட்டார். அவள் சிரித்துத் தலைகுனிந்தாள். மறுபடியும் கேட்டார். புருஷன் பேரைச் சொல்வதாவது! அவளோடு வந்தவர்கள் வாயெடுத்தார்கள், நானும் எடுத்தேன். அவர் கையமர்த்திவிட்டார். பெண் தன் வாயால் சொல்ல வேண்டும், யார் யாரோ வந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு போகிற காலம், சொல்லாவிட்டால் இங்கேயே நிறுத்திவைப்பேன் என்றார். நியாயம்தான். ஆனால் இத்தனை தூரம் வந்து ஒரு பேரிலா சிக்க வேண்டும்?

காத்தாயி விடுகதை போட்டாள். "நம்ம உடம்புக்கு இன்னொரு பேரு இருக்குல்லங்க, அது. அதோட கடல்ல எடுப்பாங்களே, அது." கிளார்க் பேனாவைக் கடித்தார். "உடம்பு... மேனி. கடலில் எடுக்கிறது மீனோ?" இல்லை, வெள்ளையாக இருக்கும் என்றாள். "உப்போ?" உருண்டையாக இருக்கும் என்றாள். "மேனியுப்பு எண்டு ஒரு பேரோ!" என்று அவர் பேனாவைப் போட்டுவிட்டார். காத்தாயிக்குக் கண் கலங்கிவிட்டது. மூட்டையைப் பிரித்தாள். உள்ளே எங்கள் பிளேட்! "இதுல இருக்காருங்க அவரு" என்று நீட்டினாள். கிளார்க் வாங்கிப் படித்தார். "காத்தாயி பேண்டு. இது உங்கட பேரல்லோ!" என்றார். "அவ வந்து இவன் பேரைச் சொல்றாளான்னு பாப்போம்" என்று முதலாளி அன்று சொன்னது என் காதில் ஒலித்தது.

விறுவிறுவென்று பெட்டியைத் திறந்து, சாவி கொடுத்து, புது முள் போட்டுக் கடைசியில் வைத்தேன். கொட்டகை முழுவதும் "காத்தாயி! கிளம்பி வந்துடு புள்ளே!" என்று கேட்டது. அது கேட்டதும் வேலிக்கு வெளியிலிருந்து அதே குரல், பிளேட்டைவிடப் பலமாக, "காத்தாயி!" என்றது. அவள் திரும்பினாள். அவ்வளவு கூட்டத்தில் நேராக அவனைப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு முள்ளைத் தூக்க மறந்து நின்றேன், சொல்ல வெட்கமில்லை. கிளார்க் பிளேட்டைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார். சிரித்துக்கொண்டே அங்கமுத்துவை உள்ளே விடச் சொல்லி, பேரை அவனிடமே கேட்டு எழுதிக்கொண்டார். "மனுசன் இவர்தான் எண்டு விளங்குது. எண்டாலும் ஒருக்கால் வாய் திறந்து பேரைச் சொன்னால் என்ன குறைஞ்சு போகும் பிள்ளை?" என்று கேட்டார். காத்தாயி பிளேட்டைத் துடைத்து மறுபடி மூட்டைக்குள் வைத்துக்கொண்டு சொன்னாள்: "அவருதான் வெக்கத்தை விட்டு எம் பேரை ஊரெல்லாம் சொல்லிட்டாருங்க. நானும் சொல்லிட்டா, வீட்டுல வெக்கப்பட ஒரு ஆளு வேணாமா?"

அந்த ஆல்பத்தை எத்தனையோ பேருக்கு விற்றிருக்கிறேன், ஆனால் அதில் கார்னெட் வாசித்தவன் பேரைச் சொல்லிக் கேட்டவர் இன்றுவரை ஒருவர்கூடக் கிடையாது, காத்தாயி உட்பட.